ஆறாவது கட்டம்

நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வேண்டும். ஐஸ் கட்டி சுமந்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் சுகம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னுடைய தலையணையைப் பெமிலா தைத்துத் தந்தாள். அவளுடைய பழைய சுடிதார் துணி, நீலத்தில் வெள்ளைப் பூ, உள்ளே இலவம்பஞ்சு. இப்போதும் சங்க அலுவலகத்தில் அந்த நாற்காலியில்தான் இருக்கும். வேறு யாரும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

ஐயா, சகாய தாரகை படகும் அதிலிருந்த ஏழு பேரும் புயலில் போனதைப் பற்றி நீங்கள் விசாரித்து எழுதிய அறிக்கையை வாசித்தேன். பதினோரு பக்கம். வாசித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தவறு. அதைத் திருத்த வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சுயம்புராஜ். வயது ஐம்பத்து நாலு. வீடு பைங்குளத்துக்குப் பக்கம். தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பே, பதினான்கு வயதில், அந்தக் கடற்கரைக்குச் சுமடு எடுக்க வந்தவன். ஐஸ் கட்டி, மீன் பெட்டி, டீசல் கேன், எது கொடுத்தாலும் தலையில் ஏற்றுவேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு படகுக்கும் கரைச் சுவருக்கும் நடுவில் விழுந்து இடுப்பு நசுங்கியது. என்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் ததேயுஸ் அண்ணன். சகாய தாரகை அவருடைய படகு, ஓட்டுவதும் அவரேதான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, படகுக்காரர் சங்கத்தில் பேசி, அலுவலகம் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைக்கிற வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதையெல்லாம் நான் மறைக்க வேண்டியதில்லை. அவர் நல்ல மனுஷன். ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை.

பெமிலா அவருடைய மகள். சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பது அவள். வருகைப் பதிவேட்டில் நான் பெருவிரல் வைப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, மசியைத் துடைக்கத் துணி கொடுத்தாள்.

"மாமா, ஒரு நாளைக்கு ரெண்டு எழுத்து. சாயா குடிக்கிய நேரத்துல. செரியா?"

"இந்த வயசுல தலையில ஏறாது மக்ளே."

"ஐஸ் கட்டி ஏறிச்சுல்லா? எழுத்துக்கு அத்தற கனம் கிடையாது."

எனக்கு அரிச்சுவடி படகுகளின் பெயர்தான். மரிய ஜோதி, ஆரோக்கிய நாதம், சகாய தாரகை. காலையில் அவற்றைப் பட்டியலில் பார்ப்பேன், மத்தியானம் துறையில் அதே எழுத்தைப் படகின் மூக்கில் பார்ப்பேன். ஒன்றரை வருடத்தில் வாசிக்க வந்துவிட்டது. ஒரு தடவைகூட அவள் சலித்துக்கொண்டதில்லை. 'ழ' எழுதும்போது என் கை தடுமாறினால், பக்கத்தில் நின்று தன் விரலால் மேசையில் அதை வரைந்து காட்டுவாள்.

எழுத்துக் கூட்ட வந்ததும் முதலில் வாசிக்க வேண்டும் என்று ஒரு தாளை வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயதாக இருக்கும்போது, ஒரு சித்திரை மாதம், ததேயுஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு சீட்டு எழுதி மடித்துக் கொடுத்தார். "ஏலே சுயம்பு, இத புதுக்கடை ஐஸ் கம்பெனில குடு. அவன் சொல்லுதத கேட்டு நட" என்றார். நான் நடந்து போனேன். புதுக்கடைக்காரன் வாசித்துவிட்டு, இங்கே ஐஸ் இல்லை, முஞ்சிறைக்குப் போ என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். முஞ்சிறையில் ஒருவன் வாசித்துவிட்டு, குழித்துறைக்குப் போ என்றான். குழித்துறையில் ஆற்றுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி அப்போது இருந்தது. அங்கே இருந்த பெரியவர் சீட்டை வாசித்தார், என் காலைப் பார்த்தார். தார் ரோட்டில் வெறுங்கால். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "நீ வீட்டுக்குப் போப்பா" என்றார். போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். துறைக்குத் திரும்பி வந்து, எங்கேயும் ஐஸ் கிடைக்கவில்லை அண்ணே என்றேன். அங்கே இருபது முப்பது பேர் நின்றார்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அண்ணன் ஒரு பெரிய நெய்மீனை எடுத்து என் கையில் தந்தார். "கால் நோவ நடந்தியே, கொண்டு போய் கறி வச்சுத் தின்னு."

கிடைக்காத ஐசுக்கு மீன் கொடுத்த மனுஷன் என்று நான் அதைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் சொன்னேன். யாரிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவர் கைப்பட எழுதிய தாள் என்பதால் சீட்டை ரேசன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதை ஒரு நாள் சாயா நேரத்தில் பெமிலாவின் முன்னால் விரித்து வாசித்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக. இவனை ஒரு இடத்திலும் உட்கார விடாதே. அடுத்த கம்பெனிக்கு அனுப்பு. எவ்வளவு தூரம் போகிறான் என்று பார்ப்போம்.

அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் பெமிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யோ மாமா, இது எங்கப்பாக்க எழுத்துல்லா!"

மேசையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அப்பா ஒரு வெளையாட்டுக்காரரு. மனசுல வைக்காதீங்க மாமா" என்றாள். நானும் சிரித்தேன். மறுநாள் ததேயுஸ் அண்ணன் வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

"லேய் சுயம்பு, வாசிச்சிட்டியாம்லா! பத்து வருசம் ஆச்சு பாத்துக்க, ஒனக்கு அந்தக் கடுதாசி வந்து சேர!"

அலுவலகமே சிரித்தது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருந்தால் அதன் பிறகு ஆறு வருடம் அந்த ஆளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்திருப்பேனா?

இனி கம்ப்யூட்டர் விசயம். உங்கள் அறிக்கையில் இந்த இடம் கொஞ்சம் குழம்பியிருக்கிறது. நான் எளிதாகச் சொல்கிறேன்.

சங்கத்தில் ஒரு எக்செல் பட்டியல் உண்டு. கடலுக்குப் போயிருக்கிற ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரி. ஒரு வரியில் ஆறு கட்டம். படகின் பெயர், எண், ஓட்டுகிறவர், ஆள் கணக்கு, கடைசியாகத் தெரிந்த இடம், இந்த ஐந்தும் வெளியே இருந்து தானாக வருகிறவை. துறைமுக வாசலில், படகு போகும்போதும் வரும்போதும் டோக்கன் பதிகிற கம்ப்யூட்டர் வேறு, எங்களுடையது வேறு. ரெஃப்ரெஷ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அங்கே இருக்கிறது இங்கே வரும். புதுப் படகு போனால் வரி கூடும். ஒரு படகு கரைக்கு வந்துவிட்டால் அதன் வரி மறைந்து, கீழே இருக்கிற எல்லா வரியும் ஒன்று மேலே ஏறும்.

ஆறாவது கட்டம் மட்டும் எங்களுடையது. நிலவரம் என்று பெயர். படகுக்காரர்கள் போனில் சொல்வதை நாங்கள் கையால் அடிப்போம். நாலு வருடத்துக்கு முன்னால், முதுகுக்குத் தலையணையோடு, அந்த நாற்காலியில் பெமிலா என்னை உட்கார வைத்தாள்.

புயலுக்கு முந்தின வருடம் ஆடியில் ஒரு குழப்பம் நடந்தது. ஒரு பெண்ணிடம், உன் மாப்பிள்ளையின் கையை வலை அறுத்துவிட்டது, கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டோம். அவள் ஒரு பகல் முழுக்க அலுவலக வாசலில் கிடந்து அழுதாள். சாயங்காலம் அவனே போன் பண்ணினான். ஆஸ்பத்திரியில் கிடந்தது வேறு படகின் ஆள். எப்படி நடந்தது என்று பெமிலா இரண்டு நாள் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மாமா, முன்னால உள்ள அஞ்சும் ஆத்துத் தண்ணி மாதிரி, கேட்டியளா. வெளியேருந்து வரும், நவுந்து போவும். ஆறாவது நம்ம போட்ட கல்லு. தண்ணி நவுந்தாலும் கல்லு கிடந்த இடத்துலயே கிடக்கும். ஒரு படகு கரைக்கு வந்தா, அதுக்குக் கீழ உள்ளவனுக்கெல்லாம் அடுத்தவன் நிலவரம் ஒட்டிக்கிடும்."

"அப்பம் கரைக்கு வாரவன் மத்தவனுக்குக் கேடா?"

"நல்லா புடிச்சிட்டியளே மாமா!" என்று என் தோளில் தட்டினாள்.

இதைச் சரியாகச் செய்ய வேறு வழி இருக்கிறதாம், இன்னொரு தாளில் எண்ணைப் போட்டுத் தேட வைப்பது. நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்றாள். அதுவரைக்கும் என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். ஒன்று, அழுத்தும் முன் எல்லா நிலவரத்தையும் படகு எண்ணோடு நோட்டில் எழுது. இரண்டு, ரெஃப்ரெஷ் அழுத்து. மூன்று, நோட்டைப் பார்த்து எண்ணுக்கு எண் நிலவரத்தை மாற்றி அடி.

ஒரு வருடத்துக்கும் மேல் நான் இதைத் தவறாமல் செய்தேன். அவள் அவசரத்தில் விட்டதை நான் மூன்று தடவை பிடித்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

புயல் அடித்தது கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்தே அலுவலகத்தில் கூட்டம். இருபத்திரண்டு படகு வெளியே கிடந்தது. பெமிலா கூடத்தில் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். செயலாளர் ராஜகுமார் அடுத்த அறையில், தேடுதல் விமானம் அனுப்புகிற அதிகாரியோடு போனில் இருந்தார். நிலவரம் கேட்டு அடிப்பது நான் ஒருவன்தான்.

ஒன்பதரை மணிக்கு ஒரு படகுக்காரன் கூப்பிட்டான். மங்களூர்க் கரையை நெருங்கிவிட்டதால் அவனுக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது.

"அண்ணே, சகாய தாரகை எஞ்சின் நின்னு போச்சு. பின்னால தண்ணி ஏறுது. வயர்லெஸ்ல விளிச்சாவ. ஒடனே சொல்லுங்க, எனக்க வயர்லெஸ்ஸும் இப்பம் எடுக்கேல."

நான் அடித்தேன். பதினான்காவது வரி. சகாய தாரகை. எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, உடனே உதவி வேண்டும். ஒரு எழுத்துத் தவறு இல்லை. அதற்கு மேலே பதின்மூன்றாவது மரிய ஜோதி, கார்வார் துறைமுகம் சேர்ந்தது, அனைவரும் நலம். கீழே பதினைந்தாவது ஆரோக்கிய நாதம், கல்பேனித் தீவு ஓரம் நங்கூரம் போட்டு நிற்கிறது, அனைவரும் நலம். எல்லாம் உண்மை. அன்றைக்கு நான் ஒரு பொய்கூட அடிக்கவில்லை. பிறகும் அடிக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வெளியே ஆரவாரம் கேட்டது. ஒன்பதாவது வரியில் இருந்த படகு துறைக்குள் வந்துவிட்டது. பெண்கள் ஓடினார்கள். மாதாவே மாதாவே என்று ஒருத்தி தரையில் விழுந்து கும்பிட்டாள். வாசலில் அந்தப் படகின் டோக்கனைப் பதிவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ராஜகுமார் உள்ளே இருந்து சத்தம் போட்டார். "சுயம்பு, லிஸ்ட்ட ரெஃப்ரெஷ் பண்ணி ஒரு காப்பி எடு. ஆப்பீசருக்கு வாசிச்சுக் குடுக்கணும். வெரசலா!"

அவர் சொன்னதைத்தான் செய்தேன். முதலில் நோட்டில் இருபத்திரண்டு நிலவரத்தையும் எண்ணோடு எழுதினேன். பிறகு அழுத்தினேன். ஒன்பதாவது வரி மறைந்தது. கீழே இருந்த பதின்மூன்று படகும் ஒன்று மேலே ஏறின. சகாய தாரகை பதின்மூன்றுக்கு வந்தது. அதற்கு நேரே, கார்வார் துறைமுகம் சேர்ந்தது, அனைவரும் நலம். சகாய தாரகைக்கு நான் அடித்த உதவி வேண்டும், பதினான்குக்கு ஏறிய ஆரோக்கிய நாதத்துக்கு நேரே நின்றது.

நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தேன். காப்பி எடுத்து ராஜகுமாரிடம் கொடுத்தேன்.

திட்டம் போட்டுச் செய்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மூன்று வேலையில் இரண்டு செய்தேன், ஒன்று பாக்கி இருந்தது. அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலை. ஒரு கடுதாசியை அதன் இடத்தில் உட்கார விடாமல் அடுத்த இடத்துக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாம் என்று இருந்தது.

மத்தியானம் விமானம் கிளம்பிற்று. ஆரோக்கிய நாதத்தைத் தேடி லட்சத்தீவுப் பக்கம் தெற்கே போனது. சகாய தாரகை கிடந்தது மங்களூருக்கு மேற்கே. மூன்று மணி சுமாருக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு பெமிலா வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லா வீட்டு ஆட்களுக்கும் பதில் சொல்லிவிட்டு, தன் அப்பாவைப் பற்றிக் கேட்கக் கடைசியாக வந்திருக்கிறாள். திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

நான் வாசித்தேன். விரல் வைக்கவில்லை. திக்கவும் இல்லை. சகாய தாரகை, கார்வார் துறைமுகம் சேர்ந்தது, அனைவரும் நலம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், பிறகு சிரித்தாள். "ஒரு எழுத்துகூடத் தட்டாம வாசிச்சியளே மாமா" என்றாள். அது நல்ல வாசிப்புத்தான். அதற்கு முன்னால் நான் அவ்வளவு சரளமாக எதையும் வாசித்ததில்லை. அவளுக்கு ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டையும் தின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மங்களூரில் இருந்து அந்தப் படகுக்காரன் மறுபடி கூப்பிட்டான். சகாய தாரகைக்கு யாராவது போனார்களா என்று கேட்டான். லிஸ்ட் போயாச்சு, பிளேன் போயாச்சு என்றேன். அதுவும் உண்மை.

அன்று மத்தியானம் பெமிலா வீட்டில் இருந்து மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ஒரு பெரிய போணியில் கொண்டுவந்தாள். இன்னும் ஆள் வராத வீட்டுப் பெண்களுக்குத் தன் கையால் இலையில் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். "எங்கப்பா கரையில ஏறியாச்சு, ஒங்க ஆளுவளும் வந்துருவாவ, ஒரு வாய் தின்னுங்க" என்று கெஞ்சினாள். எனக்கும் வைத்தாள். கறியில் குடம்புளி கொஞ்சம் கூடுதல். மற்றபடி நன்றாக இருந்தது. இழுப்பறையில் நோட்டு இருந்தது. ஒரு தடவை திறந்து பார்த்தேன். கை கழுவாமல் இருந்ததால் தொடவில்லை.

உங்கள் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது. சகாய தாரகையில் போய்க் கரை ஒதுங்கிய அஜினின் உடலைப் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு டீசல் கேனை இடுப்பில் கட்டியிருந்தானாம். அஜினுக்கு இருபத்தாறு வயது. நான் சீட்டோடு நடந்த அன்றைக்கு அவனுக்குப் பத்து வயது இருக்கும். அவன் அன்றைக்குத் துறையில் நின்று சிரித்திருக்க முடியாது. மற்ற ஐந்து பேரில் இரண்டு பேரும் அப்படித்தான். வியாழக்கிழமை பகலில் உட்கார்ந்து இதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் ஐயா, பட்டியலில் படகுக்குத்தான் ஒரு வரி. ஆளுக்கு ஒரு வரி கிடையாது.

வேறு சில வீடுகளிலும் நிலவரம் மாறிப் போய் வீணாக அழுதார்கள். அந்த ஆட்கள் திரும்பி வந்துவிட்டதால் அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை கல்பேனித் தீவில் இருந்து ஆரோக்கிய நாதத்தின் ஆள் ஒருவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டார் ராஜகுமார். "நாங்க இங்க கஞ்சி வச்சுக் குடிச்சிட்டுக் கிடக்கோம். நேத்தைலேருந்து எங்க தலைக்கு மேல பிளேன் சுத்துதே, என்ன விசயம்?"

யாருக்கும் புரியவில்லை. பெமிலாவுக்குப் புரிந்தது. எழுந்து வந்து திரையின் முன்னால் குனிந்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள், எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தபோது வந்த மாதிரி. பதின்மூன்றில் விரல் நின்றது. ஒன்று கீழே இறங்கிற்று. பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள்.

"மூணாவது செஞ்சியளா மாமா?"

நான் எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டேன். அவளே சொன்னாள். "நான்லா பாத்திருக்கணும். நான்லா வேற தாளு போட்டிருக்கணும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைத் தூக்கிக்கொண்டு போக நாலு பெண்கள் வேண்டியிருந்தது.

விமானம் சனிக்கிழமை மத்தியானம் வடக்கே திரும்பிற்று. ஞாயிற்றுக்கிழமை சில பலகையும் ஒரு ஐஸ் பெட்டியின் மூடியும் கிடைத்தன. பிறகு நாலு உடல். ததேயுஸ் அண்ணன் கிடைக்கவில்லை.

அதன் பிறகு விசாரணை. நோட்டில் இருந்து வியாழக்கிழமைப் பக்கத்தை நான் கிழித்து வைத்திருந்ததால் உங்களுக்கு அது கிடைத்திருக்காது. பெமிலா உங்கள் முன்னால் உட்கார்ந்து, பட்டியலை அமைத்தது நான், சரிசெய்யாமல் விட்டது நான், குற்றம் என்னுடையது என்றாள். ஊரில் இப்போது அப்பனை முழுங்கினவள் என்கிறார்கள். போன் மணி கேட்டால் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். இந்த நாலு மாதமும் நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. பெயர் என்ன, எத்தனை வருடமாக வேலை.

விசாரணை முடிந்து வெளியே வந்த பெமிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. "மாமா, நீங்க பயப்படாதீங்க. ஒங்களுக்கு அதொண்ணும் தெரியாது, படிப்பில்லாத மனுஷன்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு ஒண்ணும் வராது" என்றாள். ராஜகுமாரும் பக்கத்தில் நின்று, "பாவம், அவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அதைத்தான் நீங்கள் நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். "பணியில் இருந்த சுயம்புராஜ் போதிய எழுத்தறிவு இல்லாதவர். வரிகள் இடம் மாறுவதைப் புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை."

இந்த வரியை நான் பத்து தடவைக்கு மேல் வாசித்துவிட்டேன். இது தவறு ஐயா. எனக்கு எழுத்துத் தெரியும். வரி இடம் மாறும் என்று தெரியும். எந்தப் படகு எந்தப் படகின் நிலவரத்துக்கு நேரே வந்து நிற்கும் என்று, அழுத்துவதற்கு முன்னாலேயே தெரியும். அதற்கு ஆதாரமாக நோட்டின் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு படகு, இருபத்திரண்டு எண், இருபத்திரண்டு நிலவரம். பதினான்காவதைப் பாருங்கள். தேதியும் நேரமும் மேலே போட்டிருக்கிறேன். என் கையெழுத்தை, இப்போது நான் பெருவிரல் வைக்காமல் எழுதிப் போடுகிற வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு பேரையும் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். நான்காம் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். ததேயுஸ் அண்ணன் மேலேயும் அவர் மகள் மேலேயும் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி. போலீசுக்குக் கொடுக்கும் முன் இந்தத் தாள்களைப் பெமிலாவிடம் கொடுத்து, உங்கள் முன்னாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். சத்தமாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், நான் அந்தச் சீட்டை வாசித்த மாதிரி. நீளமாக நான் எழுதியது இதுதான் முதல் தடவை, எழுதக் கற்றுக் கொடுத்தவள் பார்க்க வேண்டும் அல்லவா. இந்தத் தடவை அவள் சிரிக்கமாட்டாள்.